கிரேனுக்குக் காட்டிய கை

படகின் வயிற்றுக்கடியில் கிரேனின் இரண்டாவது தூக்குப்பட்டையை நுழைத்துவிட்டு ஜோம்போர் தலையசைத்ததும், கரையில் நின்ற அவன் அம்மா பிரோஷ்கா, தூக்கச் சொல்லி கிரேன்காரர் வெண்டலுக்குக் கை காட்டினாள். வருடாவருடம் அங்கே நின்று கை காட்டுகிறவர் அவள் கணவர் தெஜோ. இந்த வருடம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். பாய்மரச் சங்கத்தில் அவரவர் படகுக்கு அவரவர் வீட்டார்தான் கை காட்டவேண்டும். படகு உடைந்தால் பழி வெளியாள்மேல் விழக்கூடாது என்று செய்த ஏற்பாடு. அதற்கு மரியாதை என்று பெயர் வைத்திருந்தார்கள்.

காலையில் கிளம்ப மனமில்லாமல் கட்டிலோரம் நின்றவளை தெஜோதான் விரட்டினார்.

"வடகாத்து கிளம்பிடுச்சுன்னா நம்ம கரையில தண்ணி வடிஞ்சிடும். படகு சேத்துல உக்காந்துக்கும், அப்புறம் பனிக்கட்டி நொறுக்கிடும். போ. நான் எங்க ஓடிடப் போறேன்?"

மகள் எமோகெ, தான் பார்த்துக்கொள்வதாகவும், ஏதாவது ஆனால் மட்டுமே போன் செய்வதாகவும் சொல்லி அனுப்பினாள். அப்போதிருந்து பிரோஷ்கா போன் இருந்த கோட்டுப்பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

படகு ஏரியை விட்டுச் சொட்டச் சொட்ட எழுந்து, குளிர்காலம் முழுக்கப் படகை நிறுத்திவைக்கக் கரையிலிருந்த தாங்கிக்கு மேலே வந்து தொங்கியது. அதன் அடியில் மீன்துடுப்பு போல் நீண்டிருந்த கனத்த இரும்புக் கீலை ஜோம்போர் இரு கையாலும் பிடித்து, தாங்கியின் நடுவுக்குத் திருப்பினான். காற்று எழுந்தது. படகு சுழலப் பார்த்தது. பிரோஷ்கா கையை உயர்த்தி முஷ்டியை மூடினாள். வெண்டல் நிறுத்தினார்.

அப்போது போன் அடித்தது.

எந்தக் கையை அசைத்தாலும் வெண்டல் அதை இறக்கச் சொல்வதாக எடுத்துக்கொள்வார். மகனின் விரல்கள் கீலுக்கும் தாங்கிக்கும் நடுவில் இருந்தன. போன் ஓய்ந்தது. மறுபடி அடித்தது.

"அம்மா, போன் அடிக்குது."

"அடிக்கட்டும். நீ கையப் பாரு."

"அக்காவா இருக்கும்மா."

"அக்கா இல்லடா. எவனோ விளம்பரக்காரன்."

பையிலிருந்து எடுக்காமலே எப்படித் தெரியும் என்று அவன் கேட்கவில்லை. கீலை நேராக்கிவிட்டுக் கையை எடுத்தான்.

அவள் உள்ளங்கையைக் கவிழ்த்து, மெல்ல மெல்ல என்று இறக்கினாள். பாழாய்ப்போன மனுஷன், காலையில் என்னை விரட்டிவிட்டு சாயங்காலம்வரை பொறுத்திருக்கக்கூடாதா என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

கீல் தாங்கியில் உட்கார்ந்தது. முஷ்டியை மூடினாள். இனி அதைத் திறந்தால் வெண்டல் பட்டைகளைத் தளர்த்திவிடுவார், வேலை முடிந்துவிடும். முடிந்தால் போனை எடுத்தாகவேண்டும்.

"தளர்த்தட்டுமாக்கா?" என்றார் வெண்டல்.

அவள் முஷ்டி மூடியே இருந்தது. முறைக்குக் காத்திருந்த அடுத்த படகுக்காரர்கள் வானத்தைப் பார்த்தார்கள்.

படகு சாயாமல் பிடிக்கும் பக்கத் தாங்கல்களைத் திருகி முடித்துவிட்டு வெளியே வந்த ஜோம்போர் அம்மாவின் முகத்தைப் பார்த்தான். கோட்டுப்பையைப் பார்த்தான். அழைத்தது விளம்பரக்காரன் இல்லை என்று புரிந்தது. திரும்பிப் போய்த் தாங்கியின் இரும்புச் சட்டத்தில், கீலில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தான். படகிலிருந்து வடிந்த ஏரித்தண்ணீர் அவன் பிடரியில் விழுந்து சட்டைக்குள் இறங்கியது. அவன் துடைக்கவில்லை.

பிரோஷ்கா விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். பட்டைகள் தளர்ந்தன.