ஏழு மாதம் காயாத பெயின்ட்

பெயின்ட் கடைக்காரனுக்கு நான் வைத்த பெயர் 'நாளைக்கு'. அவனைப் பெற்றவர்கள் வைத்த பெயர் எனக்குத் தேவைப்படவில்லை. எப்போது போன் செய்தாலும், "நாளைக்குச் சொல்றேண்ணே" என்பான். மறுநாள் செய்தால் அன்றைக்கும் நாளைக்குத்தான். நாற்பதே நாளில் பெயின்ட் அடித்து முடித்துத் தருகிறேன் என்று வாய் கிழியப் பேசி என் பிக்கப் வண்டியின் உடம்பை ஏற்றிக்கொண்டு போனவன் ஏழு மாதமாக எனக்குச் சாக்குப்போக்கு சொல்லிக்கொண்டிருந்தான்.

உடம்பு என்றால் மேல்பாகம் முழுவதும். கேபின், இரண்டு கதவுகள், பானெட், பின்னால் சாமான் ஏற்றும் தொட்டி. மிச்சமெல்லாம் வீட்டுக்குப் பின்னால் என் ஷெட்டில் இருந்தது. சக்கரம் மாட்டிய சேஸிஸ், அதன்மேல் நான் அக்கக்காகப் பிரித்துத் திரும்பப் பூட்டிய இன்ஜின். சாவி போட்டால் ஒரே திருப்பில் கிளம்பும். உட்காரத்தான் இடம் கிடையாது.

வண்டி என்னைவிட இரண்டு வயது இளையது. ஒரு கோழிப்பண்ணைக்குப் பின்னால், தொட்டி நிறையக் களை முளைத்து, டயர் இருக்க வேண்டிய இடத்தில் செங்கல் வைத்துக் கிடந்தது. அதை வீட்டுக்கு இழுத்து வந்த அன்று என் மனைவி வாசலில் நின்று இடுப்பில் கை வைத்துப் பார்த்தாள்.

"இந்தக் கிழட்டு வண்டிய வெச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறீங்க?"

"என்னை வெச்சுக்கிட்டு நீ என்ன பண்றியோ அதைத்தான்" என்றேன்.

சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டாள். துணிக்கடைகளுக்கு உடுப்புகளை அளவு மாற்றித் தைத்துக் கொடுப்பவள். எப்போதும் அவளுக்கு வேலை இருக்கும்.

நான் முப்பத்து நாலு வருடம் பாட்டில் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தவன். அங்கே யாரும் எதையும் முழுசாகச் செய்வதில்லை. நான் ஒரு பேரிங் மாற்றுவேன், இன்னொருவன் பெல்ட் மாட்டுவான், மூன்றாவது ஒருவன் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவான். ஓய்வு பெற்றதும் ஒரே ஓர் ஆசை இருந்தது. ஒரு வண்டியையாவது முதல் போல்டிலிருந்து கடைசி போல்ட் வரை நானே பூட்ட வேண்டும், அடுத்தவன் விரல் அதில் படக்கூடாது. என் மச்சான் ஒருநாள் ஆசையாக ஸ்பேனரைக் கையில் எடுத்ததற்கு நான் கத்திய கத்தலில், அதற்குப் பிறகு அவன் வாசலோடு சரி. பெயின்ட் மட்டும் விதிவிலக்கு. தூசி பறக்கும் ஷெட்டில் பெயின்ட் அடிக்க முடியாது.

இந்த ஆசைக்குக் கெடு ஒன்று இருந்தது. அது எனக்கும் டாக்டருக்கும் மட்டும் தெரியும்.

வண்டியின் உடம்பை அனுப்புவதற்கு மூன்று வாரம் முன்னால் அவரிடம் போயிருந்தேன். வலது கை சும்மா இருக்கும்போது லேசாக ஆடியது. டாக்டர் என் விரல்களைத் தட்டச் சொன்னார், நடக்கச் சொன்னார், ஒரு வரி எழுதச் சொன்னார். பிறகு பேனாவை மூடிவிட்டு, "இது நரம்புக் கோளாறு. மாத்திரை கொஞ்சம் அடக்கி வைக்கும், ஆனா நிறுத்தாது. மெல்ல மெல்லக் கூடத்தான் செய்யும்" என்றார். நுணுக்கமான வேலை ஏதாவது பாக்கி இருக்கிறதா என்று கேட்டார்.

"ஒரு வண்டியப் பூட்டணும்."

"அப்ப அதைத் தள்ளிப் போடாதீங்க. இந்த வருஷம் முடியறது அடுத்த வருஷம் முடியும்னு என்னால சொல்ல முடியாது."

வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் ஸ்பேனரைப் பிடுங்கி வைத்துவிடுவாள் என்று பயந்தேன். உண்மையைச் சொன்னால் அதுகூட இல்லை. முப்பது வருடமாக எதற்கெடுத்தாலும், "அவரைக் கேளுங்க, அவரு சரி பண்ணிடுவாரு" என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவள். அவள் என்னைப் பாவமாகப் பார்ப்பதை என்னால் பார்க்க முடியாது. மாத்திரைகளை ஷெட்டில் வாஷர் போட்டு வைக்கும் டப்பாவுக்குள் வைத்தேன்.

நாற்பது நாள் என்றுதானே சொன்னான், தாங்கிவிடும் என்று நினைத்தேன்.

காத்திருக்கும்போது சும்மா இருக்கவில்லை. வைப்பர் மோட்டாரைப் பிரித்து சுத்தம் செய்தேன். கதவுப் பூட்டுகளுக்கு எண்ணெய் போட்டேன். இரண்டாவது மாதக் கடைசியில் ஸ்பீடாமீட்டரைக் கழற்றி, அரிசி அளவு திருகுகளைச் சாமணத்தால் பிடித்து, முள்ளைத் திரும்ப மாட்டினேன். மாட்டிவிட்டு நானே எனக்கு சபாஷ் சொல்லிக்கொண்டேன். அன்று மூன்று மணி நேரம் கை அடங்கியிருந்தது.

நாலாவது மாதம் நட்டைப் போல்டில் முதல் தடவையிலேயே பிடிக்க முடியவில்லை. ஐந்தாவது மாதம் இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஒயர் முறுக்கினேன். சாமான்களைப் பைகளில் போட்டுப் பெயர் எழுதி மாட்டியிருந்தேன். ஆரம்பத்தில் எழுதிய 'இடது கதவு' தூரத்திலிருந்தே தெரியும். கடைசியில் எழுதிய 'கண்ணாடி ரப்பர்' எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்தது. என் கையெழுத்து எப்படிச் சுருங்கியது என்று நானே கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன்.

உடம்பு வந்த பிறகுதான் உண்மையான வேலை. அதுவரை கை தவறினால் தட்டிச் சரி செய்துவிடலாம். பெயின்ட் ஏறிய பிறகு ஸ்பேனர் ஒரு நூல் நழுவினால் போச்சு. அந்த வேலைக்குத்தான் எனக்குக் கை வேண்டும். அதனால் ஒவ்வொரு நாளும் அவனுக்குப் போன் செய்தேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன். "மனுஷனாடா நீ? சோறுதானே திங்கற?" என்றுகூடக் கேட்டுவிட்டேன். அவன் ஒரு தடவைகூடத் திருப்பிப் பேசவில்லை. அந்தப் பொறுமை எனக்கு இன்னும் கடுப்பைக் கிளப்பியது.

ஏழாவது மாதம் ஒரு காலையில், சட்டைப் பொத்தான் போடவே கால் மணி நேரம் ஆனது. அன்றைக்குப் போன் செய்யவில்லை. பஸ் ஏறி நேராகவே போய்விட்டேன்.

கடை திறந்திருந்தது, ஆள் இல்லை. தின்னர் வாடை மூக்கில் ஏறியது. முன்னால் ஒரு பள்ளி வேன், ஜன்னலெல்லாம் பேப்பர் ஒட்டி நின்றது. அதைத் தாண்டி உள்ளே போனேன். சுவர் ஓரமாக ஏதோ பெரிதாக மூடி வைத்திருந்தார்கள். மூடியிருந்தது மஞ்சள் பூப்போட்ட ஒரு படுக்கை விரிப்பு. ஓரத்தில் கிழிந்து, பச்சை நூலால் தைத்திருந்தது. அந்தக் கிழிசல் என் கால் கட்டைவிரல் மாட்டிக் கிழிந்தது. தைத்தது என் மனைவி.

கொஞ்ச நேரம் அந்தத் தையலையே பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு இழுத்தேன்.

என் வண்டி. கதவுக் கீலுக்கு அடியில் வெயில் படாமல் தப்பியிருந்த பழைய நிறத்தைக் காட்டி, இதே வேண்டும் என்று நான் கேட்டிருந்த சாம்பல் கலந்த நீலம். ஒரு பொட்டுத் தூசி இல்லை. என் முகம் அதில் தெரிந்தது. கண்ணாடிச் சட்டத்தில் ஒட்டியிருந்த பேப்பர் டேப்பில், கடைசிப் பூச்சு முடிந்தது என்று எழுதித் தேதி போட்டிருந்தான். விரல் விட்டு எண்ணினேன். ஐந்து மாதம். நான் ஸ்பீடாமீட்டர் முள்ளை மாட்டிய அதே வாரம்.

அவன் கையில் டீயோடு வந்தான். என்னைப் பார்த்ததும் டீயைக் கம்ப்ரெஸர்மேல் வைத்தான்.

"அண்ணே... உக்காருங்கண்ணே."

"நான் உக்கார வரல. எத்தனை நாளா இது இங்க நிக்குது?"

"அதான் பாத்துட்டீங்களே."

"எதுக்குடா இப்படிப் பண்ண? நான் உனக்கு என்ன பாவம் பண்ணேன்?"

அவன் தலையைச் சொறிந்தான். "அண்ணி வந்தாங்கண்ணே. முடிஞ்ச வாரமே வந்தாங்க. 'அவருக்குக் கையில ஏதோ கோளாறு, எங்கிட்ட மறைக்கிறாரு, மாத்திரை சாப்பிடறாரு. கை சரியாகட்டும், அதுவரைக்கும் வண்டி முடிஞ்சதைச் சொல்லிடாதீங்க. இப்ப பூட்ட வந்து முடியாமப் போச்சுன்னா மனுஷன் இடிஞ்சு போயிடுவாரு'ன்னாங்க. கையெடுத்துக் கும்பிட்டாங்கண்ணே. நான் என்ன பண்றது? மாசா மாசம் வந்து துணியைத் தொவைச்சுக் கொண்டாந்து மூடிட்டுப் போவாங்க."

நான் திட்டியதையெல்லாம் வாங்கிக்கொண்டு நின்றவன். அவனிடம் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். அப்போது எனக்கு அது தோன்றவில்லை. விரிப்பை மடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

அவள் மெஷினில் உட்கார்ந்து ஒரு பேண்ட்டின் அடியை மடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். விரிப்பை அவள் மடியில் போட்டேன். மெஷின் நின்றது. தெரியாத மாதிரி நடிக்கவில்லை.

"போய்ட்டு வந்தீங்களா?"

"நல்ல வேலை பண்ண. ரெண்டு பேரும் சேர்ந்து என் காதுல பூ சுத்தியிருக்கீங்க."

"வாஷர் டப்பாவுல மாத்திரையப் பாத்தேன்."

"பாத்தா கேக்க வேண்டியதுதானே?"

"நீங்க ஒளிச்சு வெச்சதை நான் எப்படிக் கேக்கறது? நீங்களா சொல்வீங்கன்னு இருந்தேன். ஒருநாள் ஷெட்டுல திருகைக் கீழ விட்டுட்டுத் தலையில அடிச்சுக்கிட்டீங்க. ஜன்னல்ல நின்னு பாத்தேன். அப்பதான் வண்டி இப்ப வேணாம்னு தோணுச்சு."

சில மாதங்களாக டீ ஏன் அரை டம்ளர்தான் வருகிறது என்பது அப்போதுதான் உறைத்தது. கை ஆடினாலும் சிந்தாது. பாலில் கஞ்சத்தனம் பண்ணுகிறாள் என்று அதற்கும் எரிந்து விழுந்திருக்கிறேன்.

"கை சரியாகும்னு உனக்கு யார் சொன்னா?"

"மாத்திரை சாப்பிடறீங்கல்ல? சரியாகாதா?"

கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தாள். அவள் உண்மையிலேயே அப்படித்தான் நம்பியிருந்தாள். வேறு எதை நம்புவாள்? நான் எதைச் சொன்னேன்?

"சரியாகாதும்மா. கூடிட்டேதான் போகும். தள்ளிப் போடாதீங்கன்னு டாக்டர் அப்பவே சொன்னாரு. ரெண்டாம் மாசம் வந்திருந்தா நான் பூட்டியிருப்பேன். அப்ப என்னால முடிஞ்சுது."

அவள் கையிலிருந்த பேண்ட் நழுவியது. "ஐயோ" என்றாள். சத்தமாக இல்லை. "ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? நானே ஆள் வெச்சுத் தூக்கிட்டு வந்திருப்பேனே. எங்கிட்ட ஒரே ஒரு வார்த்தை."

"நீ ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?" என்று நானும் கத்தினேன். கத்தியதும் வெட்கமாக இருந்தது. அவள் விரிப்பை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். நான் பக்கத்தில் நின்றேன். அவள் தோளில் கை வைக்கலாம் என்று நினைத்தேன், ஆனால் ஆடுகிற கையை வைக்கப் பிடிக்கவில்லை.

நாலாவது நாள் உடம்பு வந்து சேர்ந்தது. பெயின்ட் கடைக்காரனும் இரண்டு பேரும் கேபினையும் தொட்டியையும் சேஸிஸ்மேல் பூப்போல இறக்கி வைத்தார்கள். கதவுகளைத் துணி விரித்துச் சுவரில் சாய்த்துவிட்டுப் போனார்கள். "நான் வேணா இருந்து..." என்று அவன் ஆரம்பித்தான். என் முகத்தைப் பார்த்ததும் மிச்சத்தைச் சொல்லவில்லை.

அவள் வந்தாள். இடது கதவை நாங்கள் இருவரும் தூக்கி, துணி சுற்றிய ஜாக்கிமேல் நிறுத்தினோம். அவள் கதவைப் பிடித்துக்கொண்டாள். மேல் கீலில் மூன்று போல்ட். முதல் போல்டை எடுத்தேன். ஓட்டையில் வைத்து இரண்டு சுற்றுச் சுற்றினால் மரை பிடித்துவிடும். தொழிற்சாலையில் இருந்தபோது இருட்டில் செய்வேன், பேசிக்கொண்டே செய்வேன்.

மரை பிடிக்கவில்லை. மாத்திரை சாப்பிட்டு ஒரு மணி நேரம் ஆகியிருந்தது, நல்ல நேரம்தான். இடது கையால் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். உட்கார்ந்து பார்த்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். ஆறாவது தடவையோ ஏழாவது தடவையோ போல்ட் துள்ளி, கதவின் ஓரத்தில் உரசிக்கொண்டு கீழே விழுந்தது. விரல் நீளத்துக்கு நீலம் போய்த் தகரம் தெரிந்தது.

அவளுக்குக் கதவின் கனத்தில் கை கடுத்திருக்கும். நான் குனிந்து போல்டைத் தேடி எடுத்தேன். எடுக்கவே மூன்று தடவை ஆனது.

"நான் போடட்டுமா?" என்றாள்.

வண்டியின் ஒரு போல்டைக்கூட அவள் அதுவரை தொட்டதில்லை. நான் விட்டதில்லை. போல்டை நீட்டினேன். நாங்கள் இடம் மாறிக்கொண்டோம். நான் தோளைக் கொடுத்துக் கதவைத் தாங்கினேன், அதற்கு விரல்கள் தேவைப்படவில்லை.

"எந்தப் பக்கம் திருப்பணும்?"

"வலது பக்கம். முதல்ல மெதுவா. தானா உள்ள போகணும், அழுத்தாத."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு, இரண்டு விரலால் பிடித்து வைத்தாள். முதல் தடவையிலேயே மரை பிடித்தது. சுற்றினாள். ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தேன். இறுக்கினாள். போதும் என்ற இடத்தில், நான் சொல்லும் முன்னாலேயே, அவளே நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"சரியா இருக்கா?"

குனிந்து பார்த்தேன். தொட்டும் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"இருக்கு. அடுத்ததைப் போடு" என்றேன்.