திரும்பி வந்த நாற்காலிகள்

வேற்றுமொழி பேசும் ஊருக்கு நற்செய்தி சொல்ல வந்த போதகருக்கு அந்தத் தெரு வைத்த பெயர் வேன்காரர். மிஷன் கொடுத்த பழைய வேன் ஒன்று அவரிடம் இருந்ததுதான் காரணம். பிரசவ வலியா, கூப்பிடு வேன்காரரை. வீடு மாற்ற வேண்டுமா, ஃபிரிட்ஜைத் தூக்க வேண்டுமா, பிள்ளைகள் பள்ளிப் பேருந்தை விட்டுவிட்டார்களா, கூப்பிடு வேன்காரரை. அவரும் முணுமுணுத்துக்கொண்டே போவார். ஏழு வருடமாகப் போய்க்கொண்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை அவர் மணியடித்துக் கூப்பிட்டால் மட்டும் தெருவுக்கே காது செவிடாகிவிடும்.

சபை என்று சொல்லிக்கொள்ள ஒரே ஒரு ஆள், சலவைக்கடை அம்மா. அவரும் மின்விசிறிக்குக் கீழே இடம் பார்த்து உட்கார்ந்து, முதல் பாட்டு முடிவதற்குள் தூங்கிப்போவார். ஜெபக்கூடத்துப் பிளாஸ்டிக் நாற்காலிகளாவது ஓரிடத்தில் இருந்தனவா என்றால் அதுவும் இல்லை. யார் வீட்டு விசேஷம் என்றாலும் அவை கிளம்பிவிடும். இரவல் கேட்கும்போது இருக்கிற குழைவு திருப்பித் தரும்போது எவருக்கும் இருக்காது. எதிர்வரிசைப் பேக்கரிக்காரர் அவற்றில் சிலதைத் தன் கடைக்கே ஆக்கிக்கொண்டு, "நில்லாதீங்க ஐயா, உக்காருங்க" என்று போதகரையே உபசரிப்பார்.

மகளின் கல்யாணத்துக்காகச் சொந்த ஊருக்குப் போன போதகரின் மனைவி அங்கேயே தங்கிவிட்டார். இப்போது மகளுக்கு மாதம் நெருங்கிவிட்டது.

"ஊரான் பிள்ளைக்கெல்லாம் பிரசவத்துக்கு வண்டி ஓட்டுறீங்க. நம்ம பிள்ளைக்கு யாருங்க ஓட்டுறது?" என்று மனைவி தொலைபேசியில் கேட்டார்.

போதகர் தன்னைத் திரும்ப அழைத்துக்கொள்ளச் சொல்லித் தலைமையகத்துக்கு எழுதினார். 'ஜெபிக்கிறோம்' என்று பதில் வந்தது. மறுபடி எழுதினார். மறுபடியும் ஜெபித்தார்கள். எழுதி எழுதி அலுத்த பிறகு ஒருவழியாக விஷயம் நகர்ந்தது. மிஷன் நிலையங்களை மேற்பார்க்கும் கண்காணி ஐயா நேரில் வருவார், ஒரு ஞாயிறு ஆராதனையைப் பார்ப்பார், சபை என்று ஒன்று இல்லையென்றால் நிலையத்தை மூடிப் போதகரை ஊருக்கு அழைத்துக்கொள்வார். இது போதாதா? சபை இல்லை என்று காட்டுவதற்குப் போதகர் விரலைக்கூட அசைக்க வேண்டியதில்லை. அந்தக் காலி அறையை நினைத்து அவர் முதன்முறையாகச் சந்தோஷப்பட்டார்.

ஒரே ஒரு தப்புச் செய்தார். பேக்கரியில் ரொட்டி வாங்கும்போது, "எங்க பெரியவர் வர்றார். கூட்டம் இல்லேன்னா என்னை ஊருக்கு அனுப்பிடுவார்" என்று சொல்லிவைத்தார். அனுப்பினால் போதும் என்று காத்திருப்பதை மட்டும், நன்றாக இருக்காது என்று விழுங்கிவிட்டார். பேக்கரிக்காரர் காதில் போட்டால் தண்டோரா போட்ட மாதிரி.

ஞாயிறு காலை கண்காணியோடு போதகர் உள்ளே நுழைந்தார். போன நாற்காலிகளெல்லாம் கழுவித் துடைக்கப்பட்டு வரிசையாகத் திரும்பியிருந்தன. ஒன்றுகூடக் காலியில்லை. முடிதிருத்துபவர், எலக்ட்ரீஷியன், விவாகரத்து வரை போய் இவர் வேனில் சமாதானமான தம்பதி, இவர் வேனிலேயே பிறந்த குழந்தை. பாட்டுத் தெரியாதவர்கள்தான் எல்லாரையும்விட உரக்கப் பாடினார்கள். இடம் பறிபோன சலவைக்கடை அம்மா தூங்க வழியில்லாமல் முதல்முறையாகப் பிரசங்கத்தைக் கேட்டார்.

கண்காணிக்குக் கண் கலங்கிவிட்டது. அவருக்கு அந்த ஊர் மொழி தெரியாது. "இந்தப் போதகர் உங்களுக்கு வேணுமான்னு கேளுங்க" என்று போதகரிடமே சொன்னார். போதகர் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

பேக்கரிக்காரர் எழுந்தார். "நாங்க கூப்பிட்டா வர்றது இவர் ஒருத்தர்தான். இவரை விடமாட்டோம்."

பதிலை மாற்றிச் சொன்னால் அந்த மாதமே மகள் பக்கத்தில் இருக்கலாம். சொல்லுக்குச் சொல் அப்படியே மொழிபெயர்த்துத் தொலைத்தார். கூடவே, "இவங்க யாரும் சபையாரே இல்லைங்க ஐயா" என்றார்.

"இந்தத் தாழ்மைதான் உங்ககிட்ட எனக்குப் பிடிச்சது. இன்னும் மூணு வருஷம் இருங்க" என்று கண்காணி தோளில் தட்டினார். பக்கத்து ஊர் நிலையத்தைப் பார்த்துவிட்டு அடுத்த ஞாயிறு இந்த வழியாகவே விமானம் ஏறப் போவதாகவும் சொன்னார்.

அவரை அனுப்பிவைத்த கையோடு போதகர் பேக்கரிக்குள் பாய்ந்தார். "ஏழு வருஷம் வராதவங்களுக்கு இன்னிக்குத்தானா வரணும்? என் பொண்ணுக்குப் பிரசவம். போகணும்னு நான்தான்யா கேட்டேன்!"

பேக்கரிக்காரர் மாவுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா? வராம இருக்கிறது எங்களுக்கு என்ன பெரிய வேலையா?"

அடுத்த ஞாயிறு போதகர் மணியடித்தார். நாற்காலிகள் வரிசை கலையாமல் இருந்தன. ஒருவரும் வரவில்லை. மழையானாலும் வரும் சலவைக்கடை அம்மாகூட வரவில்லை. இதைத்தான் கேட்டார். ஆனாலும் அந்த விசிறிக்கடியில் இருந்த காலி நாற்காலியைப் பார்க்கப் பார்க்க அவருக்கு ஆத்திரமாக வந்தது.

பெட்டியோடு வந்த கண்காணியிடம் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். கண்காணி அந்தக் காலி வரிசைகளை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"நீங்க கேட்டீங்கன்னு ஒரு தெருவே வராம இருந்திருக்கு. இந்த அளவுக்குக் கீழ்ப்படியிற சபை என் பொறுப்பில வேற இல்ல" என்று பெருமூச்சு விட்டார். "சரி, மூடிடுவோம். போய் மகளைப் பாருங்க."

ஆராதனை முடியும் நேரம் பார்த்து, பேக்கரிக்குள் அடைந்துகிடந்த தெரு முழுவதும் சாலையைக் கடந்து வந்தது.

"பலிச்சுதா?" என்றார் பேக்கரிக்காரர்.

"பலிச்சுது. போறேன்."

எல்லாரும் நல்லது என்றார்கள். ஒருவர் முகத்திலும் நல்லது இல்லை. சலவைக்கடை அம்மா மட்டும் முன்னால் வந்தார்.

"அப்போ ஞாயித்துக்கிழமை நான் எங்க போய்த் தூங்குறது?"

போதகருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஏழு வருஷமா தொண்டை கிழியப் பேசினேனே, ஒரு பிரசங்கமாவது முழுசாக் கேட்டீங்களாம்மா?"

"போன வாரம் கேட்டேனே" என்றார் அந்த அம்மா. "வீட்டுக்காரர் போனதிலேருந்து எனக்கு வேற எங்கயும் தூக்கம் வர்றதில்லைங்க ஐயா."

போதகர் போய் அந்த அம்மாவின் நாற்காலிக்கு மேலிருந்த மின்விசிறியைப் போட்டார்.