ராகவேந்திரனுக்குப் பதிலாக

1

இந்தக் கதை துக்கத்தில் பிறந்தது என்று சொன்னால் கௌரவமாக இருக்கும். உண்மையில் எரிச்சலில் பிறந்தது. சிதம்பரநாதன் வீட்டுக்கு வந்தார். என் கணவர் ராகவேந்திரனின் கல்லூரித் தோழர், தி.நகரில் ஜவுளிக்கடை; எழுதுகைச் சங்கத்தின் முன்னாள் மாணவர் அணித் தலைவர். சங்கத்தின் ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமாம்.

"மூணே தலைப்பு சிஸ்டர். சேவை, வளர்ச்சி, முன்னாள் மாணவர் ஆதரவு. நம்ம ராகவ் ஒரு மகான். அது மட்டும் எப்படியாவது வந்துடணும்."

"மகானா? ஞாயித்துக்கிழமை என்னிக்காவது அவரை எழுப்பிப் பார்த்திருக்கீங்களா அண்ணே?"

"இல்லாதவனப் பத்தி இப்படிப் பேசலாமா?"

"இருந்தப்பவே பேசினதுதான். புதுசா ஒண்ணும் சேக்கல."

அவர் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார். மகான் வராத கட்டுரையை மலர் ஏற்காது என்பதால் இதைக் கதையாக எழுதுகிறேன்.

2

முதல் தொடக்கம்: மயிலாப்பூரில் அந்தி மயங்கிக்கொண்டிருந்தது.

(மயங்கட்டும். கோடு போட்டு அடித்தாயிற்று.)

இரண்டாவது தொடக்கம்: போன மாதம், லஸ் முனையில், கையில் காப்பி டம்ளரோடு நின்றிருந்த அவர் திடீரென்று

(இந்த வாக்கியத்தைப் பலமுறை தொடங்கிவிட்டேன். வினைச்சொல் வருகிற இடத்தில் எனக்கு வேறு வேலை வந்துவிடுகிறது. துணி காயப்போடுவேன்.)

மூன்றாவது, கட்டுரைத்தனமான தொடக்கம். பார்வையற்ற மாணவர்கள் தேர்வில் சொல்லச் சொல்ல எழுதித் தருவதுதான் எழுதுகைச் சங்கத்தின் வேலை. மயிலாப்பூர்ப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் அதன் கிளை. சொன்னதை எழுது. சொல்லாததை எழுதாதே. அவர்கள் சொல்லாமல் எதையும் அடிக்காதே. முடிந்ததும் படித்துக் காட்டு. விதிகள் இவ்வளவுதான். படிப்பை முடித்தாலும் முறை விடாது. வேலைக்குப் போய், தொப்பை போட்ட பிறகும் கூப்பிடுவார்கள்.

வளர்ச்சிக்கு வருகிறேன். ராகவேந்திரன் மாணவராக இருந்தபோது இன்னொரு விதியைச் சேர்த்தார்: வர முடியாதவர் பதிலாள் அனுப்ப வேண்டும், பதிலாளாக வந்தவர் அன்றிலிருந்து உறுப்பினர். இதன் பின்னணியில் இருந்தது தொண்டுள்ளம் என்று மலர் எழுதும். இருந்தது தூக்கம். காலைத் தேர்வுகளுக்கு அவர் அறைத்தோழனை அனுப்பினார், பிறகு அறைத்தோழனின் தம்பியை, ஒருமுறை பால் போட வந்தவரின் மகளை. சோம்பேறிகள் எல்லாரும் அவர் வழியைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்த கிளை, அரங்கம் கொள்ளாமல் போனது இப்படித்தான்.*

* முன்னாள் மாணவர் ஆதரவு: தேர்வுக் காலத்தில் ஆட்டோவும் சமோசாவும் சிதம்பரநாதன் உபயம். சமோசா நன்றாகவே இருக்கும்.

ஒருவரை மட்டும் அவரால் அனுப்ப முடிந்ததில்லை.

"ஆத்துல சும்மாதானே இருக்கே, நீ போயேன்."

"உங்க சோம்பேறித்தனத்துக்கு நான் ஆள் கிடையாது."

கல்யாணமான நாள் முதல் இதே வசனம். அதனால் அவருக்குப் பதிலாக ஒருநாளும் போகாத ஒரே நபர் நான். அதில் எனக்குப் பெருமையும் உண்டு.

3

போன வாரம் சாய்மா கூப்பிட்டாள். கிளையின் இப்போதைய செயலாளர், மூன்றாமாண்டு மாணவி.

"ஆன்ட்டி, தப்பா எடுத்துக்காதீங்க. வெள்ளிக்கிழமை அங்கிளோட முறை வருது."

"அவர் எப்படிம்மா வருவார்?"

"தெரியும் ஆன்ட்டி. ஆனா பேரை எடுக்கணும்னா பொதுக்குழு கூட்டணும். கூட்டினா எல்லாரும் அழுவாங்க, தீர்மானம் பாஸ் ஆகாது. இல்லன்னா விதிப்படி…" இழுத்தாள்.

"பதிலாளா?"

"லாவண்யாவுக்கு வரலாறு பேப்பர். ரெண்டு வருஷமா அங்கிள்தான் அவளுக்கு எழுதினாரு. அவளுக்கு இன்னும் விஷயம் தெரியாது. பரீட்சை முடியட்டும்னு வெளியூர்னு சொல்லி வெச்சிருக்கோம்."

(இந்தப் பாத்திரத்தின் மீது எனக்குச் சந்தேகம் உண்டு. இவ்வளவு சாமர்த்தியமான பெண் நிஜத்தில் இருப்பாளா? இருக்கிறாள். ராயப்பேட்டையில். இரண்டு வருடம் தொடர்ந்து அவரே எழுதினாரா என்ற கேள்விதான் எனக்கு அப்போது வந்தது. அந்த நாட்களில் அலுவலகத்தில் ஆடிட் என்று சொல்லிவிட்டுச் சீக்கிரமே எழுந்து போவார்.)

நான் போகாவிட்டால் பொதுக்குழு. பொதுக்குழு என்றால் அவர் பெயரை நீக்கத் தீர்மானம், பாஸ் ஆனாலும் ஆகாவிட்டாலும். போவதென்று முடிவு செய்தேன். தோற்றுப்போனேன் என்றும் சொல்லலாம்.

4

லாவண்யா எனக்கு முன்பே வந்து, தனி அறையில் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"யாருக்கா நீ?"

"ராகவேந்திரனுக்குப் பதிலா வந்திருக்கேன். பேர் ஷண்முகப்ரியா."

"அந்தாளு வூட்டுக்காரம்மாவா? அய்யய்யோ! உன்னப் பத்தி நெறைய சொல்லிக்கீறாரு."

"என்னன்னு?"

"அத பரீச்ச முடிஞ்சி சொல்றேன். அந்தாளு எழுதுறப்போ கொட்டாவி வுட்டுகினே இருப்பாருக்கா. எனக்கும் வந்துரும். நீ விடமாட்டல்ல?"

கண்காணிப்பாளர் கனைத்தார். தேர்வு தொடங்கியது.

எழுதித் தருவது எளிது என்று நினைத்திருந்தேன். பிளாசிப் போர் 1764 என்றாள். ஐம்பத்தேழு என்று விரல் துடித்தது. சொன்னதை எழுது: 1764. இந்தக் கதைக்குள் இஷ்டத்துக்குக் கைவைக்கிற எனக்கு இது பெரிய தண்டனை. கொஞ்ச நேரத்தில் நான் மறைந்துவிட்டேன். அவள் குரல் என் மணிக்கட்டு வழியாக நேரே தாளுக்குப் போனது.

அப்போது ரயத்துவாரி முறை. "இம்முறையில் விவசாயி இடைத்தரகர் இன்றி நேரடியாக அரசுக்கு வரி செலுத்தினான்." நிறுத்தினாள். பிறகு, அதே குரலில்:

"அந்தாளு செத்துட்டாரு தான."

நான் எழுதிவிட்டேன்.

விவசாயி வரி செலுத்தியதற்கு அடுத்து, நீல மையில், என் கையெழுத்தில், முற்றுப்புள்ளியோடு. காதில் விழுந்தது தாளில் விழுந்தது, அவ்வளவுதான். எழுதுகைக்காரர்களுக்கு மட்டுமே நேரக்கூடிய விபத்து இது.

"இன்னாக்கா, பேனா நின்னுபோச்சு?"

"நீ சொன்னதை எழுதிட்டேன்."

"எத்த?"

"கடைசியா சொன்னதை."

கொஞ்சம் யோசித்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கண்காணிப்பாளர் திரும்பினார்.

"உனக்கு யார் சொன்னாங்க?" என்றேன் மெதுவாக.

"யாரு சொல்லணும்? ஒரு மாசமா ஆளாளுக்கு அவரப் பத்தி மரியாதையா பேசிகினு கீறாங்க. உசுரோட இருந்தா அந்தாளப் பத்தி யாரு மரியாதையா பேசுவா?"

"அடிச்சிடவா லாவண்யா? விடைத்தாள்ல கண்டதையும் எழுதினா தப்பா எடுத்துப்பாங்க. உனக்குத்தான் கஷ்டம்."

"அப்ப அது கண்டதா?" குரலில் சிரிப்பு போயிருந்தது. "பொய்னா அடிச்சிருக்கா. நெஜம்னா படிச்சிக் காட்டு."

நான் படித்தேன். இம்முறையில் விவசாயி இடைத்தரகர் இன்றி நேரடியாக அரசுக்கு வரி செலுத்தினான்.

"மிச்சம்?"

5

முடிவு அ: ஒரு கோடு போட்டேன். தாள் சுத்தம், மதிப்பெண் பத்திரம். லாவண்யாவைப் பொறுத்தவரை அவர் வெளியூரில் இருக்கிறார். எங்கேயோ ஒரு லாட்ஜில் போர்த்திக்கொண்டு தூங்குகிறார். இந்த முடிவு எனக்குப் பிடித்திருக்கிறது. போர்வையின் நிறம்கூடத் தெரிகிறது.

முடிவு ஆ: படித்துக் காட்டினேன். அவள், "இப்ப அடிச்சிரு" என்றாள். இருவரும் அடுத்த கேள்விக்குப் போனோம்.

முடிவு இ: நான் வாயைத் திறந்தேன், வந்தது கொட்டா

(இது மிகையாகத் தெரிகிறது. ஆனால் சிதம்பரநாதனுக்கு எரிச்சல் வரும் என்பதால் வைத்திருக்கிறேன்.)

எது நடந்தது என்று நான் சொல்லப்போவதில்லை. விடைத்தாள் கட்டு உறையிலிடப்பட்டுத் திருத்தப் போய்விட்டது. ஆனால் நாலாம் பகுதிக்கு ஒருமுறை திரும்பிப் போய்ப் பாருங்கள். அந்த வரி அங்கேயே இருக்கிறது. இந்தக் கதையில் நான் அதன்மீது கோடு போடவில்லை. என் வாயால் சொல்லவும் இல்லை.

நீங்கள் படித்துவிட்டீர்கள். சத்தமாகவா, மனத்துக்குள்ளா?