ஒரே ஆள் தள்ளக்கூடியது

படிவத்தின் ஒன்பதாவது கேள்வியைப் படித்ததும் பட்டன் அக்காவுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. அதற்கு முந்தைய எட்டும் சள்ளை பிடித்த கேள்விகள். பெயர், விலாசம், வண்டியின் நீளம், அகலம், உயரம் என்று ஏதோ சவப்பெட்டிக்கு அளவெடுப்பது போல. ஒன்பதாவதுதான் மனுஷியை மனுஷியாக மதித்துக் கேட்ட கேள்வி: 'வண்டி கடைசியாக எப்போது நகர்த்தப்பட்டது?'

பேனாவை உதறிக்கொண்டு அவள் எழுதினாள். 'பதினோரு வருடங்களாக ஒரே இடத்தில் நாணயமாகத் தொழில் செய்கிறேன். ஒரு அங்குலம்கூட நகர்ந்ததில்லை. இரண்டு முறை ரோடு போட்டபோதுகூட வண்டி நகரவில்லை.' கொடுத்திருந்த கோட்டில் இடம் போதாமல் கடைசி வாக்கியத்தை ஓரத்தில் ஏற்றி எழுத வேண்டியிருந்தது. பதினோரு வருட அனுபவத்துக்குக் கட்டணத்தில் ஏதாவது சலுகை கொடுத்தாலும் கொடுப்பார்கள் என்று உள்ளுக்குள் ஒரு நப்பாசை வேறு.

பட்டன் அக்கா என்பது பஸ் டிப்போக்காரர்கள் வைத்த பெயர். டிப்போ வாசலில் தையல் மெஷின் வைத்த தள்ளுவண்டி அவளுடையது. பஸ்ஸை எடுக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போதுதான் ஒரு கண்டக்டருக்குச் சட்டைப் பட்டன் தெறிக்கும்; டிரைவருக்குப் பேன்ட் கிழியும். அவர்கள் நின்றபடியே இருக்க, இவள் தைத்து அனுப்புவாள். இதுவரை ஒரு பஸ்ஸும் இவளால் தாமதமாகக் கிளம்பியதில்லை.

நகராட்சி அலுவலகத்தின் மூன்றாம் கவுன்டரில் இருந்த அம்மாளும் அவளுக்குப் பழக்கம்தான். தலைக்கு மேல் கட்டணப் பலகை. நாய் வளர்க்க ஒன்று, பெயர்ப்பலகை மாட்ட ஒன்று, குழாய் இணைக்க ஒன்று, கட்டடம் இடிக்க ஒன்று. மூச்சு விடுவதற்கு மட்டும் இன்னும் விலை போடவில்லை. கவுன்டர் அம்மாள் பணத்தை வாங்கி, ரசீது போட்டு, படிவத்தில் 'டம்' என்று எண் முத்திரை குத்திய பிறகுதான் ஒன்பதாவது கேள்விக்கு வந்தாள். வந்தவள் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"அக்கா, என்னக்கா எழுதி வெச்சிருக்கீங்க?"

"உண்மையத்தான். ஏன், எழுத்து புரியலையா?"

"எழுத்து முத்து முத்தா இருக்கு. அதான் பிரச்சனையே. நீங்க கேக்கறது நடமாடும் வண்டிக்கான லைசென்ஸ். நடமாடணும்க்கா! நகரவே இல்லன்னு நீங்களே எழுதிக் குடுத்தா அது கடை. டிப்போ தெருவுல கடைக்கு அனுமதியே கிடையாது."

பட்டன் அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. "போன வருஷம்லாம் இந்தக் கேள்வியே இல்லையே?"

"இந்த வருஷம்தான் புதுசா சேத்தாங்க."

"சரி, கிழிச்சுப் போட்டுட்டு வேற ஒண்ணு குடும்மா. நேத்து நகத்தினேன்னு எழுதித் தரேன்."

"எண் விழுந்தாச்சே. கிழிச்சா என் வேலை போயிடும்." கவுன்டர் அம்மாளுக்கு நிஜமாகவே வருத்தம். குரலைத் தாழ்த்தினாள். "திங்கக்கிழமை இன்ஸ்பெக்டர் நேர்ல வருவாரு. ஒரே ஆள், முப்பது அடி தள்ளிக் காட்டணும். அவ்வளவுதான் விதி. தள்ளிட்டீங்கன்னா லைசென்ஸ். இல்லன்னா வண்டிய எடுக்கச் சொல்லி நோட்டீஸ்."

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்ட கதையைப் பட்டன் அக்கா வந்து சொன்னபோது அவள் கணவர் முதலில் வாய்விட்டுச் சிரித்தார். அப்புறம் வண்டியை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். சிரிப்பு அடங்கிப்போனது.

அவர் இதே டிப்போவில் மெக்கானிக்காக இருந்தவர். பதினேழாம் நம்பர் பஸ்ஸுக்கு அடியில் படுத்திருந்தபோது ஜாக்கி வழுக்கி இடுப்பெலும்பு நொறுங்கியது. அதன் பிறகு ஊன்றுகோலோடு பத்தடி நடப்பார். அதற்கு மேல் முடியாது. நடக்கத்தான் முடியாதே தவிர கை சும்மா இருக்காது. வண்டிக்குப் பட்டன் வைக்க இருபத்தெட்டு சின்ன இழுப்பறைகள் செய்தார். கண்ணாடி மாட்டினார். அளவு பார்க்கிறவர்கள் நின்றுகொள்ள இரும்புக் குழாயில் திரைச்சட்டம் போட்டார். இஸ்திரி போட மடக்குப் பலகை, கீழே தூசி வராமல், தரையைத் தொட நாலு விரற்கடை மிச்சம் வைத்துப் பலகை அடைப்பு. அந்தப் பதினேழாம் நம்பர் பஸ் பழைய இரும்புக்குப் போனபோது, அதிலிருந்து ஒற்றை சீட் ஒன்றைக் கேட்டு வாங்கி, வண்டியின் இடது பக்கத்தில் நாலு போல்ட் போட்டு முடுக்கினார். அது அவருடைய இடம். காலையில் ஆட்டோவில் வந்து அதில் உட்கார்ந்தால் சாயங்காலம்வரை ஊசியில் நூல் கோத்துக் கொடுத்துக்கொண்டு, போகிற வருகிற பஸ்ஸின் இன்ஜின் சத்தத்துக்கெல்லாம் வைத்தியம் சொல்லிக்கொண்டிருப்பார்.

இன்னொரு வழக்கமும் உண்டு. மாதம் தவறாமல் முதல் ஞாயிற்றுக்கிழமை, பலகை அடைப்பில் தாமே வெட்டி வைத்திருக்கும் சின்னக் கதவு வழியாக நீளமூக்கு கிரீஸ் துப்பாக்கியை விட்டு, நாலு சக்கரத்தின் அச்சுக்கும் கிரீஸ் அடிப்பார். குனிய முடியாது, கைப்பழக்கம்தான் கண். "ஓடாத வண்டிக்கு எதுக்குங்க கிரீஸு?" என்று அவள் மாதம் ஒருமுறை கேட்பாள். "வண்டின்னு இருந்தா அடிக்கணும்," என்று அவர் மாதம் ஒருமுறை சொல்வார்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் இருவரும் வண்டியைக் காலி செய்தார்கள். இருபத்தெட்டு இழுப்பறை, கண்ணாடி, திரைச்சட்டம், இஸ்திரிப் பலகை எல்லாம் இறங்கின. கைப்பிடிக்கு அடியில் முட்டுக்கொடுத்திருந்த செங்கற்களையும் உருவினாள். பிறகு கைப்பிடியைப் பிடித்துத் தள்ளினாள். வண்டி அசைந்து கொடுக்கவில்லை. முதுகைக் கொடுத்துத் தள்ளினாள். ஆணி அடித்தாற்போல் அப்படியே நின்றது.

"கனம்தான்," என்றார் அவர். அவர் பார்வை சீட்டுக்குப் போனது.

"அதத் தொடாதீங்க."

"தனி இரும்பும்மா. அது மட்டுமே ஒரு ஆள் கனம் இருக்கும்."

"இருக்கட்டும். அத எடுத்துட்டா நீங்க எங்க உக்காருவீங்க?"

"வீட்டுல உக்காந்துக்கறேன். டிவி இருக்குல்ல."

அவர் டிவி பார்த்து அவள் பார்த்ததே இல்லை. விபத்துக்குப் பிறகு இரண்டு வருஷம் அந்த வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் அவர் உட்கார்ந்திருந்ததுதான் அவளுக்குத் தெரியும். இந்த சீட்டுக்கு வந்த பிறகுதான் பேச்சே திரும்பியது. லைசென்ஸ் போனால் பிழைப்பு போகும்; சீட் போனால் இவர் திரும்ப அந்தச் சுவருக்கு முன்னால் போய் உட்காருவார். இரண்டில் எது பெரிய நஷ்டம் என்று அவளுக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பிழைப்பு போனால் சீட்டும்தானே போகும்? அவள் விலகி நின்றாள். அவர் ஸ்பானரை எடுத்தார். நாலு போல்ட்டையும் கழற்றி, ஒவ்வொன்றுக்கும் அதனதன் நட்டைப் பூட்டி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அதற்குள் ஆட்டோ வந்துவிட்டது. மீண்டும் தள்ளிப் பார்க்க அவளுக்குத் தெம்பும் இல்லை, மனசும் இல்லை.

திங்கட்கிழமை காலை இன்ஸ்பெக்டர் வந்தார். இடுப்பில் அளவு நாடா, கையில் அவளுடைய படிவம், முகத்தில் மீசை முளைத்து நாளாகாத கண்டிப்பு. தரையில் முப்பது அடி அளந்து சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டார். டிப்போ வாசலில் காக்கிச் சட்டைகள் கூடிவிட்டன. தள்ள நாற்பது பேர் தயார்தான். ஆனால் விதி ஒரு ஆள்தானே! அவர்கள் பாக்கெட்டில் கைவிட்டுக்கொண்டு தவித்தார்கள்.

பட்டன் அக்கா தள்ளினாள். நரம்பு புடைத்தது, செருப்பு வழுக்கியது. வண்டி ஒரு மயிரிழை நகரவில்லை. கீழே இறக்கி வைத்த சீட்டில் அவர் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இதுதான் முடிவா எழுதணுமாக்கா?" என்றார் இன்ஸ்பெக்டர், கண்டிப்பெல்லாம் கரைந்த குரலில். எழுதுவதைத் தள்ளிப்போடுகிறவர் போலப் படிவத்தை மறுபடி படித்தார். ஒன்பதாவது கேள்வி. கோட்டைத் தாண்டி ஓரத்தில் ஏறியிருந்த வரி. அவர் புருவம் சுருங்கியது.

"ரோடு போட்டப்பகூட நகரலன்னு எழுதியிருக்கீங்க. நகத்தச் சொல்லலையா?"

"சொன்னாங்க சார். டிரைவர் ஒருத்தர் பேன்ட் மெஷின்ல இருந்துச்சு, அவரு திரைக்குப் பின்னால நிக்கறாரு. எப்படி நகத்தறது? பரவால்லக்கா, சுத்திப் போட்டுடறோம்னாங்க. நல்ல பசங்க. ஒருத்தனுக்குக் கிழிஞ்ச பை தெச்சுக் குடுத்தேன்."

"அடுத்த தடவை?"

"அடுத்த தடவையும் அதே பசங்கதான்."

இன்ஸ்பெக்டர் சாலையில் மண்டியிட்டார். பலகை அடைப்பின் ஒரு பலகையைப் பிடித்து இழுத்தார். அது கழன்று வந்தது. உள்ளே எட்டிப் பார்த்தார். அப்புறம் தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று எல்லோருக்கும் தெரிய ஒரு நிமிஷம் ஆயிற்று.

நாலு சக்கரமும் நாலு விரற்கடை ஆழத்துக்குத் தாரில் புதைந்திருந்தன. இரண்டு ரோடு, ஒன்றின் மேல் ஒன்று, சுற்றிலும் அழகாக அணைத்துப் போடப்பட்டிருந்தன.

"என் கனம் இல்லையா அப்போ?" என்றார் சீட்டிலிருந்து கணவர்.

"நீங்களும் இல்ல, சீட்டும் இல்ல," என்றார் இன்ஸ்பெக்டர். "பிடிச்சு வெச்சிருக்கறது நகராட்சி."

அவர் எழுந்து முட்டியைத் தட்டிக்கொண்டு பையிலிருந்து கட்டணப் பட்டியலை எடுத்துப் புரட்டினார். "ரோட்ட வெட்டறதுக்கு அனுமதிக் கட்டணம் இருக்கு..."

பட்டன் அக்காவுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. "நீங்க போட்ட தாருக்கு நான் காசு கட்டணுமா? இது எந்த ஊரு நியாயம் தம்பி?" சார் என்பது தம்பியானதை அவளும் கவனிக்கவில்லை, அவரும் கவனிக்கவில்லை.

"முழுசாக் கேளுங்கக்கா. போட்டது எங்க ரோடு பிரிவு. வெட்ட அனுமதி குடுக்கறது எங்க லைசென்ஸ் பிரிவு. அவங்க எங்களுக்குக் கட்டணும். கட்ட வெக்கறேன்." பிறந்ததிலிருந்து இப்படி ஒரு வாய்ப்புக்காகக் காத்திருந்தவர் போல எழுதினார். "வியாழக்கிழமை திரும்ப வரேன்."

வியாழக்கிழமை கடப்பாரையோடு வந்தவன் அன்று ரோடு போட்ட அதே பையன்தான். இப்போது மீசை வைத்திருந்தான். தோளில் அவள் தைத்துக் கொடுத்த பை. "என்னால உங்களுக்கு இவ்வளவு கஷ்டமாக்கா?" என்று சொல்லிச் சொல்லித் தாரைக் கொத்தினான். நாலு சக்கரமும் வெளிச்சத்துக்கு வந்தன. அவள் உடனே கைப்பிடியைப் பிடித்தாள்.

இன்ஸ்பெக்டர் கையைக் காட்டித் தடுத்தார். "இருங்க. இறக்கினதெல்லாம் திரும்ப மாட்டணும். தொழில் செய்யற நிலையில தள்ளணும்னு விதியில இருக்கு. திங்கக்கிழமையே சொல்லியிருக்கணும், மறந்துட்டேன்."

இழுப்பறைகள் ஏறின. கண்ணாடி ஏறியது. திரைச்சட்டமும் இஸ்திரிப் பலகையும் ஏறின. மெக்கானிக் பையன்கள் இரண்டு பேர் சீட்டைத் தூக்கி நிறுத்த, கணவர் சட்டைப் பையிலிருந்து போல்ட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து முடுக்கினார். நாலு நாளாக அந்தப் பையைத் தடவிக்கொண்டே இருந்தார் என்பது அவளுக்குத் தெரியும். முடுக்கிவிட்டு, ஊன்றுகோலை ஊன்றி ஓரமாக ஒதுங்கினார்.

"ஏறுங்க," என்றாள் அவள்.

"எது?"

"ஏறி உக்காருங்க. தொழில் செய்யற நிலையில தள்ளணுமாம். தொழில் செய்யறப்ப நீங்க அதுலதான உக்காந்திருக்கீங்க?"

அவர் இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் விதிப்புத்தகத்தைப் பார்த்தார். "ஒரே ஆள் தள்ளணும்னுதான் இருக்கு. உக்காரக் கூடாதுன்னு இல்ல," என்று புத்தகத்தை மூடினார். "ஆனா அக்கா, முடியலன்னா நான் எழுதித்தான் ஆகணும்."

"எழுதிக்குங்க."

கணவர் ஏறி உட்கார்ந்தார். அவள் கைப்பிடியைப் பிடித்தாள். வாசலில் எல்லோரும் மூச்சடக்கி நின்றார்கள். அப்போது கூட்டத்துக்குள்ளிருந்து யாரோ ஒரு கண்டக்டர் தன்னை அறியாமல் விசிலை எடுத்து வாயில் வைத்தார். இரட்டை விசில்.

அவள் தள்ளினாள்.

முதலில் ஒரு நடுக்கம். அப்புறம் சக்கரம் உருண்டது. ஒரு கிறீச் இல்லை, ஒரு முனகல் இல்லை. நேற்றுச் செய்து இறக்கிய வண்டி மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. இருபத்தெட்டு இழுப்பறைகளிலும் பட்டன்கள் சலசலத்தன. பத்தடி, இருபதடி. சுண்ணாம்புக் கோடு வந்தது. "போதும்க்கா, தாண்டிட்டீங்க!" என்று இன்ஸ்பெக்டர் கூடவே ஓடிவந்து சொன்னார். அவள் நிறுத்தவில்லை. பதினோரு வருஷத்தில் ஒருநாளும் பார்க்காத டிப்போவின் மறுபக்கச் சுவர் வரைக்கும் தள்ளிக்கொண்டு போனாள்.

அவள் கணவர் சீட்டுக் கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். காற்று முகத்தில் அடித்தது. பதினேழாம் நம்பர் பஸ் நின்றுபோன பிறகு அந்த சீட் ஓடுவது இதுதான் முதல் தடவை. கன்னத்தில் வழிந்ததை அவர் துடைத்துக்கொள்ளவில்லை.

திரும்பாமலே கேட்டார். "இப்ப கேளேன், ஓடாத வண்டிக்கு எதுக்குக் கிரீஸுன்னு?"

அவள் வண்டியைத் திருப்பி, அவரோடு திரும்ப வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வந்தாள்.