பின் இருக்கைப் பேச்சுக்குழாய்

1

இந்தக் கதை என் கடைவாய்ப் பல்லில் பிறந்தது. ரூட் கேனாலுக்காகப் படுத்திருந்தேன். வாயில் பஞ்சு, எச்சில் உறிஞ்சும் குழல், போதாததற்குப் பல் டாக்டரின் இரண்டு விரல்கள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். அந்த நாற்காலியில் அது செல்லாது. நான் "ஆ" என்றால் "வலிக்கலைதானே?" என்று டாக்டரே கேட்டு, "வலிக்காது" என்று அவரே பதிலும் சொல்லிக்கொண்டார். மீதி நேரமெல்லாம் கார்ப் பேச்சு. எந்தக் காலத்திலோ யாரோ கோமான் ஏறிய கார், கோழி அடைந்து கிடந்ததாம். அதை வாங்கி, வருடக்கணக்காக வீட்டுக் கொட்டகையில் போட்டுப் புதுப்பிக்கிறாராம்.

"எஞ்சின் மொத்தமும் என் கை வேலை. பின் சீட்லேர்ந்து டிரைவர்கிட்ட பேச ஒரு குழாய் இருக்கும், சின்ன வேலைதான். அதை மட்டும் வீட்டுக்காரிகிட்ட விட்டுட்டேன்."

மனைவியைப் பற்றி அவர் சொன்னது அவ்வளவுதான். பல்வலி சாயங்காலமே போய்விட்டது, அந்த வாக்கியம் போகவில்லை.

2

முதல் தொடக்கம்: "ஒரு ஊரில் ஒரு கார் இருந்தது." காருக்கு எதற்கு ஊர்? வெட்டிவிட்டேன்.

இரண்டாவது: "அவள் அந்தக் காரை வெறுத்தாள். அவளுக்குச் சக்களத்தி போல" — இது பொய். அதைப் பார்த்த யாராலும் வெறுக்க முடியாது. டாக்டர் என்னைக் கொட்டகைக்கு அழைத்துப்போனார். கறுப்புப் பூச்சில் என் முகம் தெரிந்தது, இருப்பதைவிட லட்சணமாக. கதவைச் சாத்தினால் தடித்த புத்தகத்தை மூடியது போல ஒரு மூச்சு, அவ்வளவுதான். பல் பார்க்கும் சின்னக் கண்ணாடியை எஞ்சின் இடுக்குகளில் விட்டு, சொத்தை எடுப்பதுபோலத் துரு எடுத்திருந்தார். முன் இருக்கை தோல், பின் இருக்கை மெத்தென்ற கம்பளித் துணி. மழையும் வெயிலும் படுகிற ஓட்டுநருக்குத்தான் அப்போது தோலாம். நடுவில் ஏற்றி இறக்கும் கண்ணாடித் தடுப்பு. வாயைப் பிளந்து நின்றேன், இந்த முறை யாரும் சொல்லாமலே.

3

அவளை எனக்குத் தெரியாது. ஆகவே உருவாக்கினேன். (டாக்டரை "அவர்" என்கிறேன், இவளை "அவள்" என்கிறேன், கவனித்தீர்களா? அவர் கையில் என் பல் இருக்கிறது.)

அவள் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தாளர். வக்கீல்கள் கத்துவதையும் சாட்சிகள் விம்முவதையும் ஒரு சொல் விடாமல் எழுதுகிறவள். தூரத்து நகரம் ஒன்றில் இரண்டு வருடம் தங்கி, புதியவர்களுக்கு அந்தத் தொழிலைச் சொல்லிக்கொடுக்க அழைப்பு வந்திருக்கிறது. வாரக் கடைசிக்குள் பதில் சொல்லவேண்டும். போக ஆசை, கொள்ளை ஆசை. ஆனால் வீட்டில் சொல்ல விட்டால்தானே?

"ஏங்க, எனக்கு ஒரு இடத்துலேர்ந்து—"

"பார்சலா? டயரா இருக்கும். பிரிக்காதே, நான் வந்து பிரிக்கிறேன்."

மறுநாள்:

"நான் போகலாம்னு—"

"கடைக்கா? அப்படியே உப்புத்தாள் வாங்கிட்டு வந்துடு."

முந்திரிக்கொட்டை. நாளெல்லாம் பேசமுடியாத வாய்களோடு பழகியவர், அடுத்தவர் வாக்கியத்தைத் தானே முடித்துப் பழகிவிட்டார்.

(முதல் வரைவில் அவரைக் கெட்டவராக எழுதினேன். கதை வழுக்கிக்கொண்டு ஓடியது, அதனாலேயே பிடிக்கவில்லை.)

எஞ்சினை முதன்முதலில் முடுக்கிய நாள். சத்தமே இல்லை. "ஸ்டார்ட் ஆகலையே," என்று அவர் முகம் தொங்கிப்போனது. பானெட்டின் மேல் கை வைத்திருந்த அவளுக்குத்தான் தெரிந்தது: உள்ளங்கையின் கீழ், தூங்கும் குழந்தையின் முதுகு போல ஒரு அசைவு.

"ஓடிக்கிட்டுதாங்க இருக்கு."

அவர் கிரீஸ் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவளுக்கும் உடம்பு சிலிர்த்தது. இப்படிப்பட்ட மனிதரிடம் போகிறேன் என்று எப்படிச் சொல்வது? மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

4

குழாய்க்கு அவள் புது ரப்பர் போட்டாள், பட்டுக் கயிறு சுற்றினாள். பின்னால் ஒரு வாய், முன்னால் ஓட்டுநரின் காதோரம் ஒரு சின்னக் கொம்பு. பின்னால் இருப்பவர் பேசலாம், முன்னால் இருப்பவர் கேட்கலாம்.

(விஞ்ஞானம் படித்தவர்கள் சண்டைக்கு வரவேண்டாம். குழாய்க்கு இரு முனையும் ஒன்றுதான். ஆனால் வண்டி ஓட்டுகிறவர் சாலையை விட்டுவிட்டு அதில் வாயை வைக்க முடியுமா?)

முதலாளிகள் உத்தரவு போடச் செய்தது என்று அவளுக்கும் தெரியும். ஆனாலும் அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். குறுக்கே ஒருவர் பேசாமல் ஒரு வாக்கியம் போய்ச்சேர இவ்வளவு அழகாக ஒரு வழியா!

5

முதல் ஓட்டம். "முன்னாடி வராதே. மகாராணி மாதிரி பின்னாடி உட்காரு," என்றார். நடுக் கண்ணாடித் தடுப்பை ஏற்றிவிட்டாள். வண்டி தெருவில் மிதந்தது. மரங்கள், கடைகள், வாய் பிளந்த மனிதர்கள் எல்லாம் பின்னால் போயின. முன்னால் அவர் தலை ஆடியது, ஒரு கை காற்றில் எதையோ விளக்கியது. பேசிக்கொண்டேதான் இருக்கிறார்! ஒரு சொல்கூட வந்து சேரவில்லை. அவளுக்குச் சிரிப்பு வந்தது. குழாயை எடுத்தாள்.

"ஏங்க."

தலை நின்றது.

"எனக்கு ஒரு இடத்துலேர்ந்து வேலைக்குக் கூப்பிட்டிருக்காங்க. வெளியூர். ரெண்டு வருஷம்."

அவர் உதடு அசைந்தது, ஓட்டுநர் பின்னால் பார்க்கும் கண்ணாடியில் பார்த்தாள். பிறகு அசையவில்லை. வண்டி ஓரமாகப் போய் நின்றது. அவர் இறங்கவில்லை, திரும்பவும் இல்லை. காதைக் கொம்போடு சேர்த்து வைத்துக்கொண்டார்.

6

முடிவுகள் மூன்று வைத்திருந்தேன். அ: "நான் போறேங்க," என்கிறாள், அவர் வண்டியை நேரே ரயில் நிலையத்துக்கு விடுகிறார். ஆ: "நான் போகலைங்க, உங்க முகத்தைப் பார்த்தா" — ஐயோ, வேண்டாம். இ: "நான் போகணும், நீங்களும்—"

நிறுத்திவிட்டேன். மூன்றிலும் வாக்கியத்தை முடித்தது யார்? நான். டாக்டருக்கு நான் எந்த விதத்தில் குறைந்தவன்?

உங்கள் நாக்கு நுனியிலும் ஒரு முடிவு துடிக்கிறது, தெரியும். கொஞ்சம் பொறுங்கள். எஞ்சின் ஓடுகிறது, சத்தமே இல்லை. அவள் குழாயை மறுபடியும் வாயருகே கொண்டுபோகிறாள். நாம் வாயை மூடிக்கொள்வோம்.