காலி மேடையில் பத்து கிலோ

குண்டுவின் அப்பா வெளியூர் வேலைக்குப் போன ஒன்பதாம் நாள், காலை ஏழு மணிக்குள், அவளுடைய எடையில் இரண்டு கிலோ அறுநூறு கிராம் காணாமல் போயிருந்தது. அவளுக்கு அப்போது பத்து மாதம். காய்ச்சல் இல்லை, வயிற்றுப்போக்கு இல்லை. கன்னம், தொடை மடிப்பு, நூல் கட்டியதுபோல் மணிக்கட்டில் விழுந்திருந்த கோடு எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. எடை மட்டும்தான் இல்லை. பாயிலிருந்து வழக்கமான பலத்தோடு அவளைத் தூக்கிய அம்மாவின் கைகள் தலைக்கு மேலே போய்விட்டன. குழந்தை அதை விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தது. அன்று புதன்கிழமை, தெருக்கோடி மருத்துவமனையில் குழந்தைகளுக்கு எடை பார்க்கும் நாள். போன புதன்கிழமை எட்டு கிலோ அறுநூறு இருந்தவள் இப்போது ஆறு கிலோ இருந்தாள். நர்சக்கா கருவியைச் சந்தேகப்பட்டு ஐந்து கிலோ படிக்கல்லை எடுத்து வைத்துப் பார்த்தார். ஐந்து என்றே காட்டியது. "மிஷின் சரியாத்தான் இருக்கு. உன் புள்ளைதான் தப்பா இருக்கு" என்று சொல்லிவிட்டு, அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

குண்டு என்பது அவள் பிறந்த வாரத்தில் வந்த பெயர். மருத்துவமனையின் எடை அட்டையில் எழுதிய பெயர் வேறு. அந்தப் பெயரில் யாரும் கூப்பிட்டதில்லை. அவளுடைய அப்பா ஒரு சிமெண்டுக் கடையில் மூட்டைகளுக்கு எடை போட்டுக்கொண்டிருந்தார். கடையை மூடியதும், பஸ்ஸில் பதினான்கு மணி நேரத் தொலைவில் உள்ள கல்குவாரியில் எடைமேடை வேலை கிடைத்தது. லாரி அப்படியே ஏறி நிற்கும் இரும்பு மேடை அது. பக்கத்தில் ஓர் அறை, அறைக்குள் சிவப்பு எண்கள் எரியும் ஒரு பெட்டி, ஒரு நாற்காலி, ஒரு ஜன்னல். தங்குவதற்கு ஆண்கள் எட்டுப் பேர் படுக்கும் கொட்டகை. காற்றில் எப்போதும் கல்தூள். குடும்பத்தோடு போக முடியாத இடம் என்று அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் முடிவெடுத்தார்கள். நான்கு மாதத்துக்கு ஒரு முறை மூன்று நாள் விடுப்பு என்பது பேச்சு. அந்த விடுப்பும் ஆள் பற்றாக்குறையால் தள்ளித் தள்ளிப் போனது.

அம்மா ஒரு மாடிப் பட்டறையில் பள்ளிக்கூடப் பைகளுக்கு ஜிப் தைத்துக்கொண்டிருந்தாள். குழந்தையை அட்டைப்பெட்டியில் உட்கார வைத்துத் தையல் மிஷினுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வாள். அந்தப் புதன்கிழமைக்குப் பிறகு அவளுக்கு வேறு நினைப்பே இல்லை. பால், முட்டை, மசித்த வாழைப்பழம், நெய் விட்ட சோறு என்று மணிக்கு ஒரு தடவை ஊட்டினாள். குழந்தையும் நன்றாகத்தான் சாப்பிட்டது. இரண்டு மருத்துவர்கள் ரத்தம் எடுத்துப் பார்த்து ஒன்றுமில்லை என்றார்கள். எதிர்வீட்டுக்காரி தினமும் வாசலில் நிறுத்திக் குழந்தையைக் கையில் வாங்கித் தூக்கிப் பார்ப்பாள். "சோறுதான் ஊட்டுறியா, இல்ல காத்தைப் புடிச்சு ஊட்டுறியா?" என்று ஒரு நாள் கேட்டாள். அன்று மதியம் பட்டறையில் உதிர்ந்து கிடந்த ஜிப் தலைகளைக் கைநிறைய அள்ளி, குழந்தையின் கவுன் மடிப்புக்குள் வரிசையாக வைத்துத் தைத்தாள். அடுத்த புதன்கிழமை நர்சக்கா கவுனின் ஓரத்தை விரலால் நெருடிப் பார்த்தார். எதுவும் கேட்காமல் கவுனைக் கழற்றித் தனியாக எடை போட்டு, அதைக் கழித்து எழுதிக்கொண்டார். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள்.

ஊட்டியது வீண் போகவில்லை. நான்கு மாதத்தில் குண்டு ஏழு கிலோ நூறுக்கு ஏறினாள். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை காலையில் மறுபடியும் இரண்டு கிலோ அறுநூறு குறைந்து நாலரைக்கு வந்தாள். அம்மா இன்னும் மூன்று மாதம் போராடி ஐந்து கிலோ முந்நூறு ஆக்கினாள். ஒரு செவ்வாய்க்கிழமை அதுவும் போய், இரண்டு கிலோ எழுநூறில் நின்றாள். பிறந்தபோது இருந்ததைவிடக் குறைவு. அதற்குள் நடக்க ஆரம்பித்திருந்தாள். பேச்சும் பல்லும் வயதுக்கு ஏற்ப வந்திருந்தன. ஆனால் நடந்தால் காலடிச் சத்தம் கேட்காது. தலையணைமேல் ஏறி நின்றால் பள்ளம் விழாது. பட்டறையில் மின்விசிறிக் காற்று பட்டால் இரண்டடி தள்ளிப் போய் நிற்பாள். கூட வேலை பார்த்த பெண்கள் மின்விசிறியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, அந்த வெயில் காலம் முழுக்க வியர்வையில் நனைந்தபடி தைத்தார்கள். நர்சக்கா அட்டையில் வளர்ச்சிக் கோடுகளுக்குள் புள்ளி வைக்க இடமில்லாமல் வெளியே ஓரத்தில் வைத்தார். "இன்னொரு தடவை இதே மாதிரி குறைஞ்சா மிச்சம் நூறு கிராம்தாம்மா. அதுக்கப்புறம் எனக்குச் சொல்லத் தெரியல" என்றார்.

குவாரியில் நடந்தது இது. எடைமேடை ஐந்து ஐந்து கிலோவாகத்தான் எண்ணும். லாரிக்கு அது போதும். மேலே கிடப்பது இரண்டரை கிலோவுக்குள் இருந்தால் பூஜ்யம் காட்டும், அதைத் தாண்டினால் ஐந்து காட்டும். முதல் லாரி வருவதற்கு முன்னால் மேடையைக் கூட்டி, இடுக்கில் சிக்கிய ஜல்லியைக் கம்பியால் எடுத்துவிட்டு, பெட்டியில் பூஜ்யம் எரிகிறதா என்று பார்ப்பது எடைமேடைக்காரரின் முதல் வேலை. குண்டுவின் அப்பா ஊரை விட்டு வந்த ஒன்பதாம் நாள் காலையில் காலி மேடை ஐந்து காட்டியது. திரும்பக் கூட்டினார், தண்ணீர் ஊற்றிக் கழுவினார், குனிந்து அடியில் பார்த்தார். ஐந்து போகவில்லை. காலி மேடையில் தெரிகிற எடை அழுக்குதான் என்பது அந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்தது. பூஜ்யப் பொத்தானை அழுத்தினார், எண் அழிந்தது. நோட்டில் தேதியையும் நேரத்தையும் எழுதினார். அடுத்த எட்டு மாதத்தில் இன்னும் இரண்டு முறை அப்படி ஆனது, இரண்டு முறையும் அழுத்தினார். எதற்கும் சோம்பல் படாத மனிதர் அவர். லாரி இல்லாத நேரங்களில் அறைக்குள் உட்காராமல் மேடையின் ஓரத்தில் போய்க் குந்திக்கொள்வார். ஏன் என்று கேட்டால் அங்கே காற்று நல்லாயிருக்கு என்பார். அங்கே காற்று இல்லை.

நூறு கிராம்தான் மிச்சம் என்று நர்சக்கா சொன்ன நாள் மதியம், அம்மா பட்டறைப் படியில் உட்கார்ந்து போன் செய்தாள். அதுவரை "கொஞ்சம் எடை கம்மியா இருக்கா" என்று மட்டும் சொல்லி வைத்திருந்தாள். தனியாக இருக்கிற மனுஷனை ஏன் கலங்கடிப்பது என்று. அன்று எல்லாவற்றையும் சொன்னாள்.

"மூணு தடவைங்க. ஒவ்வொரு தடவையும் ரெண்டு கிலோ அறநூறு. ஒரு கிராம் கூடவும் இல்ல, குறையவும் இல்ல. என் கையிலயே இருக்கறா, ஆனா கையில இல்ல."

"எந்தெந்தத் தேதி?"

அவள் அட்டையின் ஓரத்தில் குறித்து வைத்திருந்ததைப் பார்த்துச் சொன்னாள். அந்தப் பக்கம் நோட்டைப் புரட்டும் சத்தம் கேட்டது. அவர் மூன்று தேதிகளையும் நோட்டிலிருந்து ஒவ்வொன்றாகத் திரும்ப வாசித்தார்.

"ரெண்டரைக்குக் கீழ வந்தா மேடைக்குத் தெரியாது" என்றார் அவர். "அதான் சரியா அதுக்கு மேல வந்திருக்கா. நான் குப்பைன்னு அழிச்சுட்டேன். தெரியலையோன்னு மறுபடியும் வந்திருக்கா. மறுபடியும் அழிச்சேன்."

அம்மா சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "இனிமே அந்தப் பொத்தானைத் தொடாதீங்க" என்றாள்.

அவர் தொடவில்லை. மறுவாரம் எடைக்கருவி மெக்கானிக்கை வரவழைத்தார். மெக்கானிக் முத்திரையை உடைத்து, இருபது கிலோ இரும்புக் கட்டிகளை வரிசையாக ஏற்றி இறக்கி, இதுவரை அழித்தது எல்லாம் நீங்கும்படி பழைய பூஜ்யத்துக்கே கருவியைக் கொண்டுவந்தார். கட்டிகளை இறக்கிய பின் மேடை பத்து காட்டியது. டார்ச் அடித்து மேடைக்கு அடியில் இருந்த பள்ளத்துக்குள் பார்த்தார். தூசியைத் தவிர ஒன்றுமில்லை. "அழிச்சுடவா?" என்று கேட்டார். "வேணாம், அது எங்க பொண்ணு" என்றார் அப்பா. மெக்கானிக் படிவத்தில் குறிப்பு என்ற கட்டத்தில் 'குழந்தை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். குவாரி முதலாளிக்கு ஒரே ஒரு கேள்விதான் இருந்தது: லோடு கணக்கில் உதைக்குமா? காலி வண்டியிலும் பத்து ஏறும், லோடு வண்டியிலும் பத்து ஏறும், கழித்தால் யாருக்கும் ஒன்றுமில்லை என்று அப்பா விளக்கினார். "அப்ப இருந்துட்டுப் போகட்டும்" என்றார் முதலாளி.

பத்து என்பது தோராயம் என்று அப்பாவுக்குத் தெரியும். பன்னிரண்டரையில்தான் பெட்டி பதினைந்துக்குத் தாவும். தண்ணீர் பாட்டில்களை ஒவ்வொன்றாக மேடையில் வைத்துக்கொண்டே போனார். நாலு லிட்டர் எழுநூறில் தாவியது. அப்படியானால் அங்கே இருப்பது ஏழு கிலோ எண்ணூறு. மூன்று முறை போனதைக் கூட்டினாலும் அதே எண்தான். அம்மா அதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி எடுத்துப் போய் நர்சக்காவிடம் கொடுத்தாள். அவர் அதோடு இங்கே இருந்த இரண்டு கிலோ எழுநூறையும் கூட்டினார். பத்தரை கிலோ. அட்டையில் புள்ளி வைத்துப் பார்த்தால், ஒன்றரை வயதுப் பெண் குழந்தைக்கு எங்கே இருக்க வேண்டுமோ அங்கே, நட்ட நடுக்கோட்டில் விழுந்தது. "புள்ள நல்லாத்தான் வளர்ந்திருக்கா. ஒரே எடத்துல வளரல, அவ்வளவுதான்" என்றார். அம்மா அன்று மருத்துவமனையிலிருந்து கிளம்பும் முன் யாரும் பார்க்காதபோது தானும் பெரியவர்களின் எடைக்கருவியில் ஏறி நின்றாள். ஐம்பத்து மூன்று. கல்யாணத்துக்கு முன்னால் இருந்த அதே ஐம்பத்து மூன்று. அதைப் போனில் சொன்னபோது அவள் குரலில் ஒரு குறை இருந்தது.

"எனக்கு மட்டும் ஒரு கிராம்கூட எங்கயும் போகல பாருங்க."

"நீயும் கெளம்பி வந்துட்டா அவளை யாரு தூக்கறது?" என்றார் அவர்.

அதற்குப் பிறகு ஒரு மாதம் கழித்து விடுப்பு கிடைத்தது. அவர் தெருமுனையில் பஸ்ஸை விட்டு இறங்கிய நிமிடத்தில் அம்மாவின் இடுப்பில் குழந்தை கனத்தது. விழாமல் இருக்கக் கதவைப் பிடித்துக்கொண்டாள். குண்டு கீழே இறங்கித் தட தடவென்று ஓடினாள். எதிர்வீட்டுக்காரி சத்தம் கேட்டு வெளியே வந்து, "யாருடா அது யானை மாதிரி" என்று கேட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டே நின்றாள். மூன்று நாளும் அம்மா வேலைக்குப் போகவில்லை. குழந்தையை மடியில் வைத்துத் தொடை மரத்துப்போகும்வரை உட்கார்ந்திருந்தாள். கால் மாற்றிப் போடக்கூட மனம் வரவில்லை. உனக்குக் கை வலிக்கும் கொடு என்று அவர் வாங்க வந்தால், வலிக்கட்டும் என்றாள். நான்காம் நாள் காலை பஸ் ஏற்றிவிடப் போனார்கள். குழந்தை அழவில்லை. பஸ் திருப்பத்தில் மறையும்வரை கனமாக இருந்தாள். மறைந்ததும், நிரம்பிய குடத்தைத் தலையிலிருந்து யாரோ இறக்கியதுபோல் அம்மாவின் தோள் தானாக மேலே வந்தது. அவள் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். பிறகு குழந்தையின் கவுனை இறுகப் பிடித்துக்கொண்டு, காற்றுக்கு எதிராக வீடுவரை நடந்தாள்.

பொத்தானை யாரும் அழுத்தாதவரை இனி எடை குறையாது என்பது நிச்சயமாகிவிட்டதால் மற்றதெல்லாம் பழக்கத்துக்கு வந்தது. புதன்கிழமைகளில் நர்சக்கா இங்கே எடை போட்டுவிட்டு, குவாரிக்குப் போன் செய்து அங்கே எவ்வளவு என்று கேட்டுக் கூட்டி எழுதுவார். காத்திருக்கும் மற்றத் தாய்மார்கள் அதுவரை பேசாமல் இருப்பார்கள். குண்டு போனை வாங்கி, காதில் வைக்காமல், அப்பாவைத் தேடுவதுபோல் அதன் பின்பக்கம் பார்ப்பாள். அவளுக்கு மூன்று வயதானபோது காலி மேடை பத்துக்கும் பதினைந்துக்கும் இடையே துடித்துக்கொண்டிருந்தது. நான்கு வயதில் பதினைந்தில் நிலைத்தது. அந்தக் கோடையில் ஒரு நாள் அம்மா போன் செய்து, வீட்டுக்குள் நிழலில்தான் விளையாடுகிறாள், ஆனால் மதியமானால் உச்சந்தலை அப்படிச் சுடுகிறது, கழுத்தெல்லாம் வேர்க்குரு, அங்கே எப்படி என்று கேட்டாள். அங்கே வெட்ட வெளி. அப்பா மறுநாளே கடைக்குப் போய்ப் பெரிய கறுப்புக் குடை ஒன்று வாங்கிவந்து, மேடையின் நடுவில் கல் முட்டுக் கொடுத்து நிறுத்தினார்.

லாரி வரும்போது மேடைக்கு முன்னால் நின்றுவிடும். ஹாரன் அடிக்க மாட்டார்கள். அப்பா வந்து குடையை எடுத்து ஓரமாகப் பிடித்துக்கொண்டு நிற்பார். லாரி ஏறும், எடை விழும், இறங்கும். குடை மறுபடியும் நடுவுக்குப் போகும். புதிதாக வந்த ஓட்டுநர் ஒருவர் மட்டும் ஒருமுறை ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, யாருக்குண்ணே இந்தக் குடை என்று கேட்டார். பின்னால் நின்ற லாரிக்காரர் இறங்கி வந்து, பெட்டியில் எரியும் எண்ணைக் காட்டி விஷயத்தைச் சொன்னார். புதியவர் எத்தனை வயசு என்று கேட்டார். நாலு என்றதும், தன் வண்டியைக் கொஞ்சம் பின்னால் எடுத்து, என்ஜின் சூடு அந்தப் பக்கம் அடிக்காமல் தள்ளி நிறுத்திக்கொண்டார்.