மூன்றாவது மாடியில் திரிசூலி

திரிசூலி ஆறு எழும்பூரில் ஓர் அலுவலகத்தின் மூன்றாவது மாடியில் ஓடுகிறது. லிஃப்ட் இரண்டாவது மாடியோடு நின்றுவிடும். அதற்கு மேல் ஈரம்.

ஆற்றுக்கு இந்தப் பக்கம் கிழக்குத் தாமாங் மொழி. அந்தப் பக்கம் மேற்குத் தாமாங். நேபாளத்து மலைகளிலும் அப்படித்தான் என்பதால் யாரும் அலட்டிக்கொள்வதில்லை. நடுவில் ஒரு தொங்குபாலம். இந்தக் கரைக்காரர் அந்தக் கரைக்குப் போய்ப் பேச வேண்டுமானால் இந்தக் கரைக் கவுன்ட்டரில் இருக்கும் வெற்றிச்செல்வி மேடத்தின் முத்திரை வேண்டும்.

பீர்மான் யோன்ஜன் வேளச்சேரியில் மோமோ பிடிக்கிறவன். ஊர் காவ்ரே, ஆகவே கிழக்கு. அவன் காதலிக்கும் சுன்மாயா அதே தெருவில் பியூட்டி பார்லரில் புருவம் திருத்துகிறாள். ஊர் ரசுவா, ஆகவே மேற்கு. அவன் தாமாங்கில் பேசினால் அவளுக்குப் பாதி புரியும். மீதிப் பாதிக்குச் சிரிப்பாள். அதனால் இருவரும் தமிழிலேயே காதலித்தார்கள். மூன்று வருடமாக ஒரு குறையும் இல்லை.

சிக்கல் சுன்மாயாவின் அம்மாதான். அவருக்கு மேற்குத் தாமாங் தவிர வேறொன்றும் தெரியாது. காலையிலிருந்து எதிர்க்கரையில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். ஐந்து மணிக்கு அவருக்கு ரசுவா பஸ். அதற்குள் முறையாக யாரும் வந்து பெண் கேட்காவிட்டால் தன் அண்ணன் மகனுக்கே பேசி முடித்துவிடுவார். தாமாங் ஜனங்களுக்கும் நம்மைப் போலவே முறைப்பையன் உண்டு. அவன் ஊரில் புதுச் சட்டை தைத்துவிட்டதாகக் கேள்வி.

முறை இதுதான். மரக்குடுவையில் கேழ்வரகுச் சாராயம் நிரப்பி, வாயில் வெண்ணெய் தடவி மூடி, பெண்ணின் அம்மா முன்னால் வைக்க வேண்டும். அவர் திறந்தால் பெண் கொடுத்தாயிற்று. திறக்காவிட்டால் தூக்கிக்கொண்டு நடையைக் கட்ட வேண்டியதுதான். பீர்மான் குடுவையைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு கவுன்ட்டரில் நின்றான். மணி நாலேகால்.

"மொழி?" என்றார் வெற்றிச்செல்வி.

"தாமாங், மேடம்."

"எந்தக் கரை?"

"கிழக்கு."

"ஒரு வாக்கியம் பேசிக் காட்டுங்க."

பேசினான். வாக்கியம் மேசைத் தராசில் விழுந்தது. முந்நூற்று நாற்பது கிராம். மேடம் அதைப் பேனா முனையால் புரட்டிப் பார்த்தார்.

"தாமாங்னா தொனி நாலு இருக்கணுமே. மூணுதான் இருக்கு."

"மோமோ பாத்திரத்துல விழுந்திருக்கும், மேடம். ஆவி ஜாஸ்தி."

"ஜெராக்ஸ் இருக்கா?"

"தொனிக்கா?"

"எல்லாத்துக்கும்தான்."

அவர் ஒவ்வொரு கேள்வி கேட்கும்போதும் பாலத்தில் ஒரு பலகை கூடியது. அவன் வந்தபோது எதிர்க்கரை அம்மாவின் மூக்குத்தி பளிச்சென்று தெரிந்தது. இப்போது பெஞ்சே கடுகளவு இருந்தது. அவனுக்கு அழுகை வந்தது. அழுகைக்கு எந்தக் கரை என்று கேட்டுவிடுவாரோ என்று அடக்கிக்கொண்டான்.

மேசை ஃபோன் அடித்தது.

"சொல்லுங்க. மாவுதானே? வரும்போது வாங்கிட்டு வரேன். ரெண்டு பாக்கெட். சரிங்க." வைத்தார். "வீட்டுக்காரர். எனக்குத் தாய்மாமன் பையன்."

"உங்களைக் கேட்டுட்டுத்தான் கட்டி வெச்சாங்களா, மேடம்?"

"மாவு எத்தனை பாக்கெட்னுகூட இதுவரைக்கும் யாரும் என்னைக் கேட்டதில்ல," என்றார் அவர், கோப்பு எண் வாசிக்கும் குரலில். "அது என்ன கையில?"

"அந்த அம்மா முன்னாடி வைக்கிறது, மேடம்."

"இப்படி வைங்க. உள்ள என்னன்னு பார்க்காம முத்திரை போட முடியாது."

"மேடம், தொறக்காதீங்க!"

திறந்துவிட்டார். பதினெட்டு வருட சர்வீஸ். மூடியிருக்கும் எதையும் அந்தக் கை சும்மா விட்டதில்லை.

ஆறு நின்றது. தராசு பூஜ்யத்துக்கு வந்தது. பீர்மான் தரையில் விழுந்து அவர் காலைத் தொட்டான். வேறு என்ன செய்வான்? முறை என்றால் முறைதான்.

"என்னப்பா இது?"

"நீங்க பொண்ணு குடுத்துட்டீங்கம்மா."

"எந்தப் பொண்ணை?"

"சுன்மாயாவை."

வெற்றிச்செல்வி விதிப் புத்தகத்தைப் புரட்டினார். அதில் இருந்தது. பெண் கொடுத்தவரே தாய். விதி இருபத்தேழு.

"அவளைக் கேட்டியா?" என்றார். குரல் மாறியிருந்தது.

"அவதாம்மா மொதல்ல கேட்டா."

அவருக்குக் கண் கலங்கியது. பிள்ளை பெறாதவர். ஒரே நிமிஷத்தில் மகள் பிறந்து, வளர்ந்து, கல்யாணமும் நிச்சயமாகிவிட்டது. எந்தத் தாய்க்கும் தாங்காது.

ஆனால் ஒரு பெண்ணுக்கு இரண்டு தாய் விதியில் இல்லை. கவுன்ட்டர் நாற்காலி காலியாக இருக்கவும் விதியில் இடமில்லை. ஆகவே புதுத் தாய் அந்தக் கரைக்கும் பழைய தாய் இந்தக் கரைக்கும் மாற வேண்டியதுதான். வெற்றிச்செல்வி டிஃபன் பாக்ஸைக் கைப்பையில் வைத்துக்கொண்டு பாலத்தில் ஏறினார். கேள்வி கேட்க ஆளில்லாததால் பாலம் சுருங்கியது. எதிரே சுன்மாயாவின் அம்மா வந்தார். இருவரும் நடுவில் தலையசைத்துக்கொண்டு கடந்தார்கள்.

அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் தமிழ் வந்துவிடும். வந்தது.

"பொண்ணு குடுத்தது அவங்க," என்றார் சுன்மாயாவின் அம்மா. "முத்திரை நான்தான் போடணும்."

அவர் தராசிலிருந்த வாக்கியத்தை எடுத்துக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார். மேடத்தின் டீ டம்ளரில் சாராயத்தை ஊற்றி மெதுவாகக் குடித்தார். வாயைத் துடைத்தார்.

"ஒரு தொனி குறையுது."

"பாத்திரத்துல தேடிப் பார்க்கறேம்மா."

"அங்க இல்ல. மூணு வருஷமா என் பொண்ணு ஃபோன்ல பேசும்போது நடுவுல ஒரு கிழக்குத் தொனி கேக்குது. ஏதுடி இதுன்னு கேட்டுக்கேட்டு வாய் வலிச்சுப்போச்சு. சொல்லவே இல்ல கழுதை."

முத்திரை விழுந்தது.

எதிர்க்கரையில் பஸ் ஹாரன் அடித்தது. ஜன்னலோர சீட்டில் வெற்றிச்செல்வி சுத்தமான மேற்குத் தாமாங்கில் கண்டக்டரிடம் ஏதோ வாதாடிக்கொண்டிருந்தார். பஸ் ரசுவாவுக்குக் கிளம்பியது.

ஃபோன் அடித்தது. சுன்மாயாவின் அம்மா எடுத்தார். கொஞ்ச நேரம் கேட்டார்.

"மாவா? கடை பக்கத்துலதானே இருக்கு. நீங்களே போய் வாங்கிக்கோங்க," என்று வைத்துவிட்டார்.